சிறு குழந்தைகளை வளர்ப்போரின் உணவு ஒழுங்கு

சிறு குழந்தைகளை வளர்ப்போரின் உணவு ஒழுங்கு என்பது, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் தாயும் தந்தையும் தங்களுக்குத் தேவையான சத்தான உணவை உரிய நேரத்தில், உரிய அளவில் தொடர்ந்து உண்டு வருவதைக் குறிக்கும். குழந்தைக்கு என்ன ஊட்ட வேண்டும் என்பது பற்றி எல்லா வீடுகளிலும் பேசப்படுகிறது. ஊட்டுபவர் சாப்பிட்டாரா, என்ன சாப்பிட்டார் என்பது பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. இக்கட்டுரை தமிழ்நாட்டுக் குடும்பங்களை எடுத்துக்கொண்டு, குறிப்பாகத் தாயின் உணவை முன்வைத்து இதனை விளக்குகிறது.

குழந்தை பிறந்த பிறகு பெற்றோரின் உணவு ஒழுங்கு குலைவதற்கு மன உறுதி இல்லாமையைக் காட்டிலும் வீட்டு வேலையின் நேர அமைப்பும் பந்தி வரிசையுமே காரணமாகின்றன. ஆகவே திருத்தமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒழுங்கு குலையும் விதம்

1. மிச்சம் உண்ணுதல்: குழந்தை தட்டில் விட்ட உணவை வீணாக்க மனமில்லாமல் தாய் சாப்பிட்டுவிடுகிறார். அரைத் தோசை, இரண்டு மூன்று வாய் நெய் பருப்புச் சாதம், இரண்டு பிஸ்கட் ஆகியவை சேர்ந்தால் ஏறத்தாழ 200 கிலோ கலோரி ஆகும். இதை யாரும் ஒரு வேளை உணவாக எண்ணுவதில்லை. வயிறு அரைகுறையாக நிரம்பிவிடுவதால், காய்கறியும் பருப்பும் உள்ள முறையான உணவு தள்ளிப்போகிறது.

2. கடைசியில் உண்ணுதல்: குழந்தைக்கு ஊட்டி, மற்றவர்களுக்குப் பரிமாறி முடித்து, தாய் உட்காரும்போது காலை உணவுக்கு 11 மணியும் மதிய உணவுக்கு 3 மணியும் ஆகிவிடுகின்றன. அப்போது பாத்திரத்தில் சோறும் ரசமும் இருக்கும். பொரியலும் கூட்டும் முட்டையும் தீர்ந்திருக்கும்.

3. தேநீரால் பசியை அடக்குதல்: சாப்பிட நேரமில்லாதபோது தேநீரோ காப்பியோ குடித்துச் சமாளிப்பது வழக்கமாகிவிடுகிறது. ஒரு தம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்று வைத்துக்கொண்டால், மூன்று தம்ளருக்கு ஆறு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 30 கிராம். ஒரு நாளின் மொத்த ஆற்றலில் சேர்க்கப்படும் சர்க்கரையின் பங்கு 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் மேலும் நல்லது என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. 2000 கிலோ கலோரி உண்பவருக்கு 5 விழுக்காடு என்பது ஏறத்தாழ 25 கிராம். வேறு இனிப்பு எதுவும் சாப்பிடாமலே அந்த அளவு தேநீரில் மட்டும் கடந்துவிடுகிறது.

4. தூக்கக் குறைவு: இரவில் பலமுறை எழ வேண்டியிருப்பதால் தாய்க்குத் தூக்கம் போதாது. தூக்கம் குறையும்போது பசியைத் தூண்டும் கிரெலின் கூடுவதும், நிறைவு உணர்வைத் தரும் லெப்டின் குறைவதும் ஆய்வுகளில் காணப்பட்டுள்ளன. களைத்த உடல் இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் நாடுவதை அவரது குணக் குறையாகக் கருதக் கூடாது.

5. இரட்டைச் சமையல்: குழந்தைக்குத் தனியாகவும் பெரியவர்களுக்குத் தனியாகவும் சமைக்கும் வீட்டில் சில வாரங்களிலேயே அலுப்புத் தட்டிவிடும். அதன் பிறகு பெரியவர்களின் சமையல் சுருங்கும், அல்லது கடை உணவு நுழையும்.

தாயின் உடல் கேட்பது

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட அளவீட்டின்படி, 55 கிலோ எடையுள்ள, உடலுழைப்பு குறைந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1660 கிலோ கலோரி தேவை. நடுத்தர உழைப்பு உள்ளவருக்கு 2130 கிலோ கலோரி தேவை. தாய்ப்பால் கொடுக்கும் முதல் ஆறு மாதங்களில் இதற்கு மேல் 600 கிலோ கலோரியும், அடுத்த ஆறு மாதங்களில் 520 கிலோ கலோரியும் வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 46 கிராம் புரதம் தேவைப்படும் பெண்ணுக்கு, பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் மேலும் 17 கிராம் தேவைப்படுகிறது.

600 கிலோ கலோரி என்றால் எவ்வளவு என்று பலருக்குத் தோன்றும். சாம்பாருடன் இரண்டு இட்லி, ஒரு அவித்த முட்டை, ஒரு கைப்பிடி (30 கிராம்) வேர்க்கடலை, ஒரு தம்ளர் பால், ஒரு வாழைப்பழம் ஆகிய எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ அந்த அளவு வரும். கூடுதலாகத் தேவைப்படும் புரதமும் இதிலேயே கிடைத்துவிடும். இது வழக்கமான மூன்று வேளை உணவுக்கு மேல் உண்ண வேண்டியது. நாள் முழுவதும் மிச்சத்திலும் தேநீரிலும் ஓட்டும் தாய்க்கு இது கிடைப்பதில்லை.

இதன் விளைவுகளில் முதன்மையானது இரத்தசோகை. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கும், 6 முதல் 59 மாத வயதுள்ள குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. ஆகவே தாயின் தட்டையும் குழந்தையின் கிண்ணத்தையும் இரண்டு தனிச் சிக்கல்களாகப் பார்ப்பது பொருந்தாது.

கீரை, பருப்பு, கேழ்வரகு, முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றுடன் எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்ற வைட்டமின் சி மிக்கவற்றைச் சேர்த்து உண்டால், தாவர உணவில் உள்ள இரும்புச்சத்து நன்கு உட்கிரகிக்கப்படும். சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீரோ காப்பியோ குடித்தால் அது குறையும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது.

பத்தியம்

பிள்ளைபெற்ற வீடுகளில் பத்தியம் காக்கும் வழக்கம் உண்டு. பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், பிரசவ லேகியம், கடற்கரைப் பகுதிகளில் சுறாப்புட்டு முதலியவை தாய்க்குக் கொடுக்கப்படுகின்றன. தாய்க்கென்று தனியாகச் சமைத்து, அவரை முதலில் உட்கார வைத்துப் பரிமாறும் அந்த ஏற்பாடு போற்றத்தக்கது. ஆனால் பழம், தயிர், பல காய்கள், சில வீடுகளில் தண்ணீர்கூடக் குறைக்கப்படுகின்றன. பாலூட்டும் தாய்க்கு இவற்றை விலக்க வேண்டிய பொதுவான மருத்துவத் தேவை எதுவும் இல்லை. தாகத்துக்கு ஏற்பத் தண்ணீர் குடிக்க வேண்டும். பத்தியக் காலம் முடிந்ததும் அந்தத் தனிக் கவனிப்பும் முடிந்துவிடுவது இன்னொரு குறை. பாலூட்டல் தொடரும் வரை கூடுதல் தேவையும் தொடர்கிறது.

ஒரே அடுப்பு, ஒரே சமையல்

குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். அதன் பிறகு இணை உணவு தொடங்கும். இந்த நிலையிலிருந்து வீட்டுச் சமையலையே குழந்தைக்கும் ஏற்றதாக்கிக்கொள்வது பெற்றோரின் உணவையும் காப்பாற்றும். மிளகாயும் உப்பும் சேர்ப்பதற்கு முன் வெந்த பருப்பையும் காயையும் குழந்தைக்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியைச் சாம்பாராகவோ கூட்டாகவோ தாளிக்கலாம். எடுத்துக்காட்டாக, பரங்கிக்காயும் பாசிப்பருப்பும் ஒன்றாக வெந்தால் குழந்தைக்கு மசியல், பெரியவர்களுக்குக் கூட்டு. இட்லி, வெண்பொங்கல், கேழ்வரகுக் களி, கீரை மசியல் ஆகியவையும் எல்லா வயதினருக்கும் பொதுவானவை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருப்பதால் அது தாய்க்கும் குழந்தைக்கும் ஒருசேர நன்மை தரும்.

கவனிக்க வேண்டியவை:

• ஒரு வயது வரை குழந்தையின் உணவில் உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டாம். தேன் அறவே கூடாது.

• முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, கடினமான காய்த் துண்டுகள் தொண்டையில் அடைக்கக்கூடியவை. ஐந்து வயது வரை அரைத்தோ மசித்தோ, சிறிதாக நறுக்கியோ கொடுக்க வேண்டும்.

• 9 முதல் 11 மாதக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 250 மில்லி கிண்ணத்தில் அரைக் கிண்ணமும், 1 முதல் 2 வயதுக் குழந்தைக்கு முக்கால் முதல் ஒரு கிண்ணமும் பொதுவான அளவு. முதலில் பாதியை வைத்து, கேட்டால் மறுபடி வைத்தால் மிச்சம் விழாது. மிச்சம் உண்ணும் பழக்கமும் தானே குறையும்.

குழந்தை மறுக்கும்போது

இரண்டு வயது முதல் ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு தயங்குவது இயல்பான வளர்ச்சி நிலை. ஒரு காயைப் பத்து முறையோ அதற்கு மேலோ சிறிது சிறிதாகச் சுவைத்த பிறகே பல குழந்தைகள் அதை ஏற்கின்றனர். இரண்டு முறை துப்பியதும் ‘இவனுக்குப் பிடிக்காது’ என்று அந்தக் காயைச் சமையலிலிருந்தே நீக்கினால், வீட்டார் அனைவரின் உணவிலும் ஒரு காய் குறைகிறது. இப்படியே நீக்கிக்கொண்டு வந்து, கடைசியில் உருளைக்கிழங்கு மட்டும் மிஞ்சும் வீடுகள் உண்டு.

அமெரிக்க உணவியல் அறிஞர் எலின் சாட்டர் வகுத்த பொறுப்புப் பகிர்வு முறை இங்கு உதவும். எதை, எப்போது, எங்கே உண்பது என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு உண்பது, உண்பதா வேண்டாமா என்பதைக் குழந்தை முடிவு செய்யும். இம்முறையில் வற்புறுத்தலுக்கும் கைப்பேசியைக் காட்டி ஊட்டுவதற்கும் இடமில்லை. ஒரு வேளை ஊட்ட ஒரு மணி நேரம் செலவிடும் தாய்க்குத் தம் சாப்பாட்டுக்கான நேரமும் திரும்பக் கிடைக்கிறது.

குழந்தை பார்த்தே கற்கிறது. தாயும் தந்தையும் கீரையை விரும்பி உண்பதைத் தினமும் காணும் குழந்தைக்குக் கீரை வீட்டு உணவாகத் தோன்றும். தாய் அடுக்களையில் நின்றுகொண்டே உண்டால் குழந்தைக்குக் காண எதுவும் இல்லை.

ஒரு நாளின் அமைப்பு

குழந்தையின் உணவு நேரத்தையே தாயின் உணவு நேரமாக்கிக்கொள்வது எளிய வழி.

• காலை 8 மணி: குழந்தைக்கு ஊட்டும் தட்டோடு தாயின் தட்டும் வைக்கப்பட வேண்டும். இட்லி, தோசை அல்லது பொங்கலுடன் சாம்பார், முடிந்தால் முட்டை.

• 11 மணி: பழம், மோர் அல்லது வறுத்த வேர்க்கடலை. கைக்கு எட்டும் டப்பாவில் வேர்க்கடலையோ பொட்டுக்கடலையோ இருந்தால், பிஸ்கட்டை நாட வேண்டியிருக்காது.

• மதியம் 1 மணி: சோறு, பருப்பு அல்லது மீன், ஒரு பொரியல், ஒரு கீரை, தயிர். சமைத்தவுடனேயே தாயின் பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைப்பது நல்லது.

• மாலை 4 மணி: முந்திய இரவே ஊறவைத்த கொண்டைக்கடலை அல்லது பயறுச் சுண்டல். குழந்தைக்கு அதையே மசித்துக் கொடுக்கலாம்.

• இரவு 7 மணி: குழந்தையோடு சேர்ந்து இரவு உணவு.

வேலைக்குச் செல்லும் தாய்மாருக்கு, காலை உணவையும் கேரியரில் கட்டிக்கொள்வது சாப்பிடாமல் போவதைவிட மேல். வாரம் ஒருநாள் மாவரைப்பதும், கீரையை முதல் நாள் இரவே ஆய்ந்து வைப்பதும் காலை நேர நெருக்கடியைக் குறைக்கும். எல்லா நாளும் இப்படியே நடக்காது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் ஒழுங்கு தவறினால், அடுத்த வேளையிலிருந்து மீண்டும் தொடங்கினால் போதும்.

வீட்டாரின் பங்கு

மேற்கண்டவை நடைபெற, தாய் உண்ணும் அரை மணி நேரம் குழந்தையை வேறொருவர் வைத்துக்கொள்ள வேண்டும். தந்தையோ தாத்தா பாட்டியோ நாளுக்கு ஒரு வேளை ஊட்டும் பொறுப்பை ஏற்றால் இது இயலும். கணவருக்குப் பரிமாறிய பின்பே மனைவி உண்ணும் வழக்கம் உள்ள வீட்டில், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, பாத்திரங்களை நடுவில் வைத்து அவரவர் எடுத்துக்கொள்வது நல்ல மாற்று. தந்தையும் இரவு 10 மணிக்குக் கடைப் பரோட்டாவை நாடாமல் இந்த நேரத்துக்குள் வர முயல்வது அவர் உடலுக்கும் நல்லது.

பொதுத் திட்டங்கள்

1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் இயங்கும் அங்கன்வாடிகளில், சிறு குழந்தைகளோடு கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இணை உணவாகச் சத்துமாவு வழங்கப்படுகிறது. தாய்க்குரிய மாவை வீட்டில் எல்லோரும் பகிர்ந்துகொண்டால் அவரது பங்கு குறைந்துவிடும். பிரசவத்துக்குப் பின் 180 நாட்கள் உட்கொள்ளவேண்டிய இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகளை அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகப் பெறலாம்.

பள்ளி வயதை எட்டும் குழந்தைகளுக்கு 1982 ஜூலை 1இல் தொடங்கிய சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிவைக்கப்பட்ட காலை உணவுத் திட்டமும் உள்ளன. காலை உணவு பள்ளியில் கிடைக்கும் வீட்டில், அந்த நேரத்தைத் தாய் தம் காலை உணவுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மருத்துவரை நாட வேண்டிய நிலை

தொடர்ந்த சோர்வு, மூச்சு வாங்குதல், தலைசுற்றல், நகமும் கண் இமையின் உட்புறமும் வெளுத்திருத்தல் ஆகியவை இரத்தசோகையின் அறிகுறிகள். எளிய இரத்தப் பரிசோதனையில் இதை அறியலாம். குழந்தை பிறந்த பின் கூடிய எடையைக் குறைக்க, பாலூட்டும் காலத்தில் வேளைகளைத் தவிர்ப்பதோ சோற்றை முற்றிலும் விடுவதோ தகாது. எடை குறைப்பு படிப்படியாகவும் மருத்துவர் அல்லது உணவியல் வல்லுநரின் ஆலோசனையுடனும் இருக்க வேண்டும். நீரிழிவு, தைராய்டு குறைபாடு, உயர் இரத்த அழுத்தம் உள்ள தாய்மார் இங்கு கூறிய அளவுகளைத் தம் மருத்துவரிடம் கேட்டு மாற்றியமைத்துக்கொள்ள வேண்டும்.