காய்த் தியாகம்: சதுரங்கப் பொறியின் கணக்கும் மனிதரின் கணிப்பும்

சதுரங்கத்தில் ஓர் ஆட்டக்காரர் தன் காயைத் தெரிந்தே எதிராளி வெட்டும்படி விட்டு, அதற்கு ஈடாகத் தாக்குதலையோ, வேகத்தையோ, நல்ல நிலையையோ பெற முயல்வது காய்த் தியாகம் எனப்படும். பேச்சு வழக்கில் இதை 'வெட்டுக் கொடுப்பது' என்பார்கள். பாறையிலும் கோயில் மண்டபத் தரையிலும் கோடு கிழித்து ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. ஓர் ஆட்டைக் கொடுத்துப் புலியை ஒரு மூலைக்கு இழுப்பது அங்கே அன்றாட வேலை. ஆனால் அதில் எல்லா ஆடும் ஒரே விலைதான். சதுரங்கத்தில் காய்களுக்குத் தனித்தனி விலை உண்டு என்பதால்தான் தியாகம் அச்சம் தருகிறது.

வழக்கமான விலைப்பட்டியல் இது: காலாள் 1, குதிரை 3, அமைச்சர் 3, கோட்டை 5, அரசி 9. அரசனுக்கு விலை இல்லை. அவன் போனால் ஆட்டம் முடிந்தது. தொடக்க நிலை மாணவர் எல்லோரும் இந்த எண்களை வைத்துத்தான் காய் மாற்றத்தைக் கணக்கிடக் கற்கிறார்கள். சதுரங்கப் பொறிகள், அதாவது செஸ் இன்ஜின்கள், நெடுங்காலம் இதே பட்டியலை அடித்தளமாகக் கொண்டுதான் எழுதப்பட்டன. தொடக்கம் ஒன்றாக இருந்தும், ஒரு தியாகத்தை இருவரும் பார்க்கும் விதம் வேறு.

ஆஸ்திரிய ஆட்டக்காரர் ருடால்ஃப் ஸ்பீல்மான் 1935-இல் தியாகம் பற்றித் தனி நூல் எழுதினார். அதில் அவர் செய்த பிரிவு இன்றும் பயன்படுகிறது. கொடுத்த காய் சில நகர்வுகளில் திரும்பி வரும் அல்லது எதிரி அரசன் கட்டாயம் வீழ்வான் என்று முழுவதும் கணக்கிட முடிந்தால் அது போலித் தியாகம். உண்மையில் அது ஒரு கொடுக்கல் வாங்கல்தான். முடிவு கண்ணுக்குத் தெரியாமல், நிலையை நம்பி மட்டும் காயை விடுவது உண்மைத் தியாகம். மனிதருக்கு இந்த இரண்டுக்கும் நடுவே தெளிவான கோடு இருக்கிறது. பொறிக்கு அப்படியொரு கோடே இல்லை. அதன் தேடல் எட்டும் தூரத்தில் எல்லாமே கொடுக்கல் வாங்கல்தான். சில இணையத் தளங்கள் நல்ல தியாகங்களுக்கு இரட்டை ஆச்சரியக்குறி போடுகின்றன. அந்தக் குறியைப் போட, பொறியின் எண்ணுக்கு வெளியே, இது தியாகம்தானா என்று பார்க்கத் தனி விதி எழுதவேண்டியிருக்கிறது.

அரோனியன் – ஆனந்த், 2013

இந்த வேறுபாட்டை ஒரே ஆட்டத்தில் பார்க்க விரும்புவோர் விஸ்வநாதன் ஆனந்தின் ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஆனந்த் சிறுவயதில் ஆடிப் பழகியது சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் மானுவேல் ஆரோன் தொடங்கிய தால் சதுரங்க மன்றத்தில். தியாக ஆட்டத்துக்கே பெயர்போன மிகைல் தாலின் பெயரைத் தாங்கிய மன்றம் அது. 1988-இல், 18 வயதில், கோயம்புத்தூரில் நடந்த சக்தி ஃபைனான்ஸ் பன்னாட்டுப் போட்டியை வென்று இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதே ஆண்டு நவம்பரில்தான் டீப் தாட் என்ற கணினி பென்ட் லார்சனை வீழ்த்தியது. முறையான போட்டியில் ஒரு கிராண்ட்மாஸ்டர் கணினியிடம் தோற்றது அதுவே முதல்முறை. ஆக, பொறி இல்லாமல் வளர்ந்து, பொறியோடு முதிர்ந்த தலைமுறை ஆனந்துடையது.

2013 ஜனவரி 15, நெதர்லாந்தின் விய்க் ஆன் சே நகரம். வெள்ளைக் காய்களுடன் லெவோன் அரோனியன். கறுப்புடன் அன்றைய உலக வாகையர் ஆனந்த். 13-ஆவது நகர்வில் அரோனியனின் குதிரை எச்7 காலாளை வெட்டி, எஃப்8-இல் உள்ள கோட்டைக்கும் குறிவைத்தது. ஆனந்த் அந்தக் குதிரையைத் தொடவில்லை. தன் குதிரையை ஜி4-க்குக் கொண்டுபோனார். 15-ஆவது நகர்வில் அமைச்சரை சி5-இல் வைத்தார். 16-ஆவது நகர்வில் இன்னொரு குதிரையை ஈ5-இல் வைத்தார். இப்போது கோட்டை, அமைச்சர், இரண்டு குதிரைகள் என நான்கு கறுப்புக் காய்களும் வெட்டுக்கு நின்றன.

ஈ5 குதிரையைக் காலாளால் வெட்டினால் என்ன ஆகும்? கறுப்பு அரசி டி4-இல் இறங்கி முற்றுகை வைப்பாள். வெள்ளை அரசன் மூலைக்குப் போவான். அரசி ஜி1-இல் தன்னையே கொடுப்பாள். கோட்டை அவளை வெட்டியாக வேண்டும். பிறகு ஜி4 குதிரை எஃப்2-இல் இறங்க, சொந்தக் காய்களுக்கு நடுவே மூச்சுமுட்டி அரசன் வீழ்வான். இது போலித் தியாகம், முழுவதும் கணக்கிடலாம்.

அரோனியன் அதைப் பார்த்துவிட்டு ஜி4 குதிரையை அமைச்சரால் வெட்டினார். 19-ஆவது நகர்வில் கோட்டையையும் எடுத்தார். அப்போது காய்க் கணக்கு வெள்ளைக்கு 33, கறுப்புக்கு 28. எஃப்8-இல் நின்ற வெள்ளைக் குதிரையைக் கறுப்பு அரசன் கையெட்டும் தூரத்திலேயே வெட்டியிருக்கலாம். ஆனந்த் வெட்டவில்லை. எஃப் வரிசைக் காலாளை இரண்டு கட்டம் முன்னே நகர்த்தி, வெள்ளை அரசி எச்7-ஐ எட்டும் மூலைவிட்ட வழியை அடைத்தார். இந்த ஆட்டத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது மேலே சொன்ன பகட்டான தியாகங்களைவிட இந்தச் சின்னக் காலாள் நகர்வுதான். 23-ஆவது நகர்வில் கறுப்பு அமைச்சர் ஈ3-க்கு வந்து, எச்3 காலாளைக் காத்துநின்ற வெள்ளை அரசியின் பார்வையை மறைத்ததும் அரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்த நேரத்துக் காய்க் கணக்கு: வெள்ளை 30, கறுப்பு 28. புள்ளியில் முன்னால் இருந்தவர்தான் கைகொடுத்து எழுந்தார்.

பலர் இந்த ஆட்டத்தை 1907-இல் உவூச் நகரில் ருபின்ஸ்டைன் ரோட்லெவியை வீழ்த்திய புகழ்பெற்ற ஆட்டத்தோடு ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ருபின்ஸ்டைனுக்குப் பலகையும் தலையும் மட்டுமே துணை. ஆனந்த் 2012-இல் கெல்ஃபாண்டுடன் ஆடிய உலக வாகையர் போட்டிக்கான தயாரிப்பில், கணினித் துணையோடு அலசிய தொடக்கங்களில் இதுவும் ஒன்று. ஆகவே இந்தத் தியாகங்களை மதிப்பிட்டவர் யார் என்று கேட்டால் பதில் ஒற்றையாக இராது. வீட்டில் பொறி சரிபார்த்தது. பலகை முன்னால் நான்கு காய்களை வெட்டுக்கு விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவர் மனிதர்.

பொறி எப்படிப் பார்க்கிறது?

பொறி தன் நகர்வு, அதற்கு எதிராளியின் மிகச் சிறந்த பதில், அதற்குத் தன் சிறந்த பதில் என்று கிளைகளாகத் தேடுகிறது. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் நிற்கும் நிலைக்கு ஓர் எண் போடுகிறது. அந்த எண் அடிமரம் வரை திரும்பி வருகிறது. நடுவழியில் அரசி போனாளா, கோட்டை போனதா என்பது அதற்குப் பொருட்டல்ல. ஆகவே கணக்கிடக்கூடிய தியாகங்களில் பழைய பொறிகளும் வல்லவைதான். அவை தடுமாறியது உண்மைத் தியாகங்களில். இழந்த 3 புள்ளி உடனே தெரியும். அதன் பலன் 20 நகர்வு தள்ளி வரும் என்றால் அது தேடலின் தொடுவானத்துக்கு அப்பால் போய்விடும். 1953-இல் சூரிக்கில் ரெஷெவ்ஸ்கிக்கு எதிராகப் பெட்ரோசியன் தன் கோட்டையைச் சிறு காய் ஒன்றுக்காக அமைதியாக விட்டுக்கொடுத்தார். தாக்குதல் இல்லை, முற்றுகை இல்லை. தன் குதிரைக்கு நல்ல கட்டம் கிடைத்தால் போதும் என்ற கணிப்பு. இவ்வகைத் தியாகம் அந்நாளைய பொறிகளின் பாடத்தில் இல்லை.

1997 மே 11 அன்று நியூயார்க்கில் டீப் புளூ கடைசி ஆட்டத்தின் 8-ஆவது நகர்விலேயே குதிரையை ஈ6-இல் தியாகம் செய்தது. காஸ்பரோவ் 19 நகர்வில் தோற்றார். பொறி தியாகம் கற்றுவிட்டது என்று உலகம் வியந்தது. ஆனால் அந்த நகர்வு கணக்கிட்டு வந்ததல்ல. மனிதர்கள் முன்கூட்டியே தொடக்க நூலில் ஏற்றி வைத்திருந்தது.

உண்மையான மாற்றம் 2017 டிசம்பரில் வந்தது. விதிகளை மட்டும் அறிந்து, தனக்குத்தானே ஆடிக் கற்ற ஆல்ஃபாசீரோ, ஸ்டாக்ஃபிஷ் பொறியுடன் 100 ஆட்டங்கள் ஆடி 28 வென்று 72-ஐச் சமன் செய்தது. ஸ்டாக்ஃபிஷ் நொடிக்கு ஏறத்தாழ 7 கோடி நிலைகளைப் பார்த்தபோது ஆல்ஃபாசீரோ பார்த்தது 80 ஆயிரம். ஸ்டாக்ஃபிஷுக்குத் தரப்பட்ட ஏற்பாடுகள் போதவில்லை என்ற குறை எழுந்தது; அது நியாயமான குறைதான். ஆனால் ஆட்டங்களின் தன்மை மறுக்க முடியாதது. காலாளையும் காயையும் விட்டுவிட்டு எதிரிக் காய்களை மூலையில் முடக்கும் ஆட்டம் அது. அதற்கு விலைப்பட்டியலை யாரும் சொல்லித்தரவில்லை. 'இந்த நிலையிலிருந்து எத்தனை முறை வெல்வேன்' என்பதே அதன் எண். 2020 செப்டம்பரில் ஸ்டாக்ஃபிஷும் நரம்பு வலை மதிப்பீட்டுக்கு மாறியது.

எண் யாருக்கானது?

இங்கேதான் மாணவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். கைபேசியில் தெரியும் +1.00 என்பதை ஒரு காலாள் கூடுதல் என்றே பலர் படிக்கிறார்கள். 2022 டிசம்பர் முதல் ஸ்டாக்ஃபிஷில் அதன் பொருள் வேறு: அந்த நிலையிலிருந்து பொறி தன்னைப் போன்ற பொறியோடு ஆடினால் வெல்லும் வாய்ப்பு 50 விழுக்காடு. ஆடுவது இரண்டு பொறிகள். காரமடையிலிருந்து போட்டிக்கு வந்த 1400 தரப்புள்ளி மாணவியும் அவள் எதிராளியும் அந்த எண்ணுக்குள் இல்லை.

1960-இல் உலக வாகையர் போட்டியின் 6-ஆவது ஆட்டத்தில் தால் 21-ஆவது நகர்வில் குதிரையை எஃப்4-இல் விட்டார். அரங்கின் இரைச்சல் தாங்காமல் ஆட்டத்தைப் பின்னறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. சரியாகத் தடுத்திருந்தால் போட்வினிக் தப்பியிருப்பார் என்று பிற்கால ஆய்வு காட்டியது. அவர் தடுக்கவில்லை, தோற்றார். பொறியின் பார்வையில் தாலின் நகர்வு ஐயத்துக்குரியது, ஏனெனில் பொறி எதிராளி பிழையே செய்யமாட்டார் என்று வைத்துக்கொள்கிறது. தால் கேட்டது வேறு கேள்வி: கடிகாரம் ஓட, ஒரே ஒரு சரியான பதில் உள்ள நிலையில், எதிரே இருப்பவர் அதைக் கண்டுபிடிப்பாரா? இரண்டு கேள்விக்கும் இரண்டு சரியான விடைகள் இருக்கலாம். 0.00 என்று பொறி காட்டும் நிலையிலும் ஒரு பக்கத்துக்கு ஒற்றையடிப் பாதையும் மறுபக்கத்துக்கு அகலச் சாலையும் இருக்கக்கூடும். எண்ணில் அது தெரியாது.

சென்னையின் குகேஷ் 2019-இல் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார்; 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலக வாகையர் ஆனார். அவருக்குப் பயிற்சி தந்த கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, 2500 தரப்புள்ளியைத் தாண்டும்வரை அவரைப் பொறி பக்கம் விடவில்லை. எண்ணைப் பார்க்குமுன் நிலையைத் தானே எடைபோட வேண்டும் என்பது அந்தப் பயிற்சியின் அடிப்படை. எல்லாருக்கும் இவ்வளவு கண்டிப்பு தேவையா என்பதில் பயிற்சியாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை.

கோவையில் போட்டி முடித்து மேட்டுப்பாளையம் ரயிலில் திரும்பும் மாணவர், காரமடை வருவதற்குள் தன் ஆட்டத்தைக் கைபேசியில் ஏற்றி, தான் விட்ட குதிரைக்குச் சிவப்புக் குறி விழுந்ததைப் பார்த்துவிடலாம். அந்தக் குறி சரியாகவே இருக்கும். ஆனால் பட்டையை மறைத்துவிட்டு, அதே நிலையைத் தோழருடன் பலகையில் வைத்து, 10 நிமிடக் கடிகாரத்தோடு பக்கம் மாற்றி நான்கைந்து முறை ஆடினால், பொறி சொன்ன அந்த ஒற்றைப் பதிலை எத்தனை முறை எதிர்ப்பக்கம் கண்டுபிடிக்கிறது என்பது தெரிந்துவிடும்.