சின்ன காருக்கு பெரிய வீல், அகல டயர் மாற்றலாமா? கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டிய எண்கள்

மும்பை மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பகுதிகளில் மழைத் தண்ணீர் தேங்குவது ஒவ்வோர் ஆண்டும் செய்தியாகிறது. தண்ணீருக்கு அடியில் பள்ளம் எங்கே இருக்கிறது, பெயர்ந்த பேவர் பிளாக் எங்கே கிடக்கிறது என்று ஓட்டுநருக்குத் தெரியாது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அடியை முதலில் வாங்குவது டயரின் பக்கவாட்டு ரப்பர்தான்.

அலாய் வீல் மாற்ற நினைப்பவர்கள் பலரும் இந்த ரப்பரைப் பற்றி யோசிப்பதில்லை. "17 இன்ச் போட்டா வண்டி சும்மா நச்சுனு இருக்கும்" என்று கடையில் சொல்வார்கள். பார்க்க நச்சென்றுதான் இருக்கும். ஆனா அதற்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது டயரிலேயே அச்சிட்டிருக்கும் எண்களில் இருக்கிறது.

அந்த எண்களை எப்படிப் படிப்பது?

மாருதி சுசுகி ஸ்விஃப்ட் காரை எடுத்துக்கொள்வோம். அதன் கீழ் வேரியன்ட்களில் வரும் டயர் அளவு 165/80 ஆர்14.

இதில் 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கவாட்டு ரப்பரின் உயரம்; அகலத்தில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. 'ஆர்' என்றால் ரேடியல் டயர். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

ரிம்மின் விட்டத்தோடு பக்கவாட்டு உயரத்தை இரண்டு முறை கூட்டினால் சக்கரத்தின் மொத்த உயரம் கிடைக்கும். இந்த டயருக்கு அது 619.6 மி.மீ.

அதே ஸ்விஃப்டின் மேல் வேரியன்ட்களில் வருவது 185/65 ஆர்15. அதன் மொத்த உயரம் 621.5 மி.மீ. ரிம் ஓர் அங்குலம் பெரிதாகியும் சக்கரத்தின் உயரம் 2 மி.மீ. கூட மாறவில்லை. ரிம் வளர்ந்த அளவுக்கு ரப்பரைக் குறைத்து, மொத்த உயரத்தை நிறுவனம் அப்படியே வைத்திருக்கிறது. டயர் மாற்றும்போது நாமும் பின்பற்ற வேண்டிய அடிப்படை விதி இதுதான்.

எந்த அளவு போட்டால் என்ன ஆகும்?

165/80 ஆர்14-ஐ அடிப்படையாக வைத்துக் கணக்கிட்டால் கிடைப்பவை:

- 185/65 ஆர்15: மொத்த உயரம் 0.3% அதிகம், பக்கவாட்டு ரப்பர் 120 மி.மீ.
- 195/55 ஆர்16: 0.2% அதிகம், ரப்பர் 107 மி.மீ.
- 205/45 ஆர்17: 0.5% குறைவு, ரப்பர் 92 மி.மீ.
- 195/65 ஆர்15: 2.4% அதிகம், ரப்பர் 127 மி.மீ.
- 205/65 ஆர்15: 4.5% அதிகம், ரப்பர் 133 மி.மீ.

முதல் மூன்று அளவுகளிலும் சக்கரத்தின் உயரம் ஏறக்குறைய அதேதான். ஆனா 17 அங்குலத்துக்குப் போனால் பக்கவாட்டு ரப்பரில் 40 மி.மீ. போய்விடுகிறது, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே இருக்கும் மெத்தை அது. அது குறைந்தால் ரிம் வளையலாம், டயரின் பக்கம் வீங்கலாம் அல்லது கிழியலாம்.

கடைசி அளவில் பிரச்னை வேறு. மெத்தை குறையவில்லை, ஆனா சக்கரமே பெரிதாகிவிட்டது. ஸ்டீயரிங்கை முழுசா ஒடிக்கும்போதும், பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போதும் மட்கார்டில் உரசும் வாய்ப்பு அதிகம்.

மீட்டர் காட்டுவது மாறுமா?

மாறும். சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பதை வைத்துத்தான் கார் வேகத்தைக் கணக்கிடுகிறது. சக்கரம் 4.5% பெரிதானால், முன்பு மீட்டரில் 80 கி.மீ. எனக் காட்டிய அதே சுற்றில் கார் இப்போது ஏறத்தாழ 3.6 கி.மீ. கூடுதல் வேகத்தில் போகும். வேகக் கட்டுப்பாட்டு கேமரா உள்ள சாலையில் இது முக்கியம்.

கிலோமீட்டர் கணக்கும் இப்படித்தான் தவறும். மீட்டர் 10,000 கி.மீ. காட்டும்போது உண்மையில் ஓடியது 10,450 கி.மீ. "டயர் மாத்தினதுல மைலேஜ் குறைஞ்சிடுச்சு" என்று சொல்பவர்கள் இந்த வித்தியாசத்தைச் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். அதே சமயம், கனமான, அகலமான சக்கரத்தைச் சுழற்ற இன்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டும் என்பதால் எரிபொருள் செலவு உண்மையாகவே கூடவும் செய்யும்.

அகல டயரால் பிடிப்பு கூடுமா?

காய்ந்த தார் சாலையில் வளைவுகளில் பிடிப்பு கூடலாம். ஆனா ஈரமான சாலையில் வேகமாகப் போகும்போது, அகலமான டயர் தண்ணீர்ப் படலத்தின் மேல் ஏறி வழுக்கும் வாய்ப்பு அதிகம். மழையில் சயானைத் தாண்டி கிழக்கு எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலையில் ஏறுபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

சுமை எண் என்பது என்ன?

அளவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். 85 என்றால் அந்த டயர் 515 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோ. 88 என்றால் 560 கிலோ. எழுத்து, அதிகபட்ச வேகத்தைக் குறிக்கும்: 'டி' என்றால் மணிக்கு 190 கி.மீ., 'எச்' என்றால் 210 கி.மீ.

205/45 ஆர்17 அளவில் 84 என்று வரும் டயரும் உண்டு, 88 என்று வரும் டயரும் உண்டு. பழைய டயரில் 85 இருந்தால், புதிய டயரில் அதைவிடக் குறைந்த எண்ணை வாங்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பு நிறுவனம் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு. கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம்.

அதே 52-வது பிரிவு, 'மாற்றம்' என்பதை வண்டியின் கட்டமைப்பு மாறி, அதன் அடிப்படைத் தன்மையும் மாறுவது என்று விளக்குகிறது. வெறும் டயர் அளவு அதில் வருமா என்று வாதாட இடமுண்டு. ஆனா விபத்துக்குப் பிறகு அந்த வாதத்தில் இறங்க யாரும் விரும்பமாட்டார்கள். உங்கள் மாடலின் மேல் வேரியன்டுக்கு நிறுவனமே கொடுக்கும் அளவுக்குள் நின்றுகொண்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

வெளியில் வாங்கிய அலாய் வீலை இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லி பாலிசியில் சேர்ப்பதும் அவசியம். சொல்லாமல் விட்டால் அதற்கான இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

ரிம்மின் விட்டம் பொருந்தினால் மட்டும் போதாது. போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும், நடுத் துளை ஹப்பில் கச்சிதமாக உட்காருவதும், ஆஃப்செட்டும் சரியாக இருக்க வேண்டும். ஆஃப்செட் மாறினால் சக்கரம் வெளியே துருத்தும் அல்லது உள்ளே உரசும். டயரின் அகலத்துக்கு ரிம்மின் அகலம் ஏற்றதா என்றும் கேளுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சக்கரத்தை மட்டும் மாட்டி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசா ஒடித்துப் பாருங்கள். நான்கு சக்கரம் மாற்றியபின் டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருக்கும். மொத்த உயரம் ஒத்துப்போனால் பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டிப் போய்விடலாம். ஒத்துப்போகாவிட்டால், அவசரத்தில் அது பெரிதாக உதவாது.