மலிவான ஃபேன் யாருக்கு மலிவு?

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசு மருத்துவமனைக்கு 100 சீலிங் ஃபேன் வாங்க வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். டெண்டரில் ‘சீலிங் ஃபேன், 48 அங்குலம், 100 எண்ணிக்கை’ என்று மட்டும் போட்டிருந்தால் 75 வாட் இழுக்கும் பழைய ரக ஃபேன்தான் வந்து இறங்கியிருக்கும். விலை குறைவு அதுதான். குறைந்த விலை கேட்டவருக்குத்தான் ஆர்டர். அலுவலகங்களில் இதற்கு ‘எல்-1’ என்று பெயர். 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் வைத்திருப்பவர் அந்த டெண்டர் பக்கமே வர மாட்டார். வந்தாலும் தோற்பார்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். இரண்டு ஃபேன்களுக்கும் விலை வித்தியாசம் 1,500 ரூபாய், மின்சாரம் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று கொள்வோம். நோயாளிகள் படுத்திருக்கும் வார்டில் ஃபேன் நாளுக்கு 20 மணி நேரமாவது சுழலும். மிச்சமாகும் 45 வாட், ஆண்டு முழுக்கச் சேர்ந்தால் சுமார் 328 யூனிட். பணமாகப் பார்த்தால் 2,600 ரூபாய்க்கு மேல். கூடுதலாகக் கொடுத்த 1,500 ஏழே மாதத்தில் திரும்பி வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஃபேன் உழைக்கும் அத்தனை வருடமும் லாபம்தான். 100 ஃபேனுக்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டும்.

அதே ஃபேனை, வருடத்துக்கு 200 மணி நேரம் மட்டுமே திறந்திருக்கும் கூட்ட அரங்கில் மாட்டினால்? மிச்சம் 9 யூனிட், 72 ரூபாய். போட்ட பணம் திரும்ப 20 வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஃபேனே போய்விடும். ஆக, ‘பசுமையான பொருள்’ என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதும் சரியல்ல. எங்கே மாட்டப்போகிறோம், எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். மத்திய நிதி அமைச்சகத்துக்கு இது தெரிந்திருக்கிறது. 2013-ல் அது போட்ட உத்தரவில் மின்சிக்கனத் தரத்தில் சீலிங் ஃபேனுக்கு 5 நட்சத்திரம், ஸ்பிளிட் ஏ.சி.க்கும் 5 நட்சத்திரம்; ஆனால் கருத்தரங்க அறைபோல எப்போதாவது மட்டும் போடும் இடங்களுக்கு 3 நட்சத்திர ஏ.சி. போதும் என்று விலக்கு கொடுத்தது. 2017-ன் பொது நிதி விதிகளிலும் நட்சத்திரத் தரக்குறியீடு பார்த்து மின்சாதனம் வாங்கும் விதி இடம்பெற்றிருக்கிறது.

விதி இருந்தும் ஏன் தயக்கம்? பணம் இரண்டு பைகளில் இருப்பதுதான் காரணம். ஃபேன் வாங்கும் தொகை ஒரு கணக்குத் தலைப்பில் வரும். மின் கட்டணம் இன்னொரு தலைப்பில் போகும். பல நேரம் இரண்டையும் பார்ப்பவர்கள்கூட ஒருவரல்ல. வாங்கும் அதிகாரி 1,500 ரூபாய் கூடக் கொடுத்தால், ‘மலிவாகக் கிடைத்தும் ஏன் வாங்கவில்லை’ என்று தணிக்கையில் கேள்வி வரும். மலிவாக வாங்கியவரிடம், பத்து வருட மின் கட்டணத்தைக் காட்டி யாரும் கேள்வி கேட்பதில்லை. இந்த நிலையில் எந்த அதிகாரி வம்பை விலைக்கு வாங்குவார்?

அதற்காக எல்-1 முறையையே ஒழிக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவு கூடாது என்று 1998-ல் தனிச் சட்டமே வந்தது. வேண்டியவருக்கு ஆர்டர் போகாமல் தடுக்கும் பூட்டுகளில் எல்-1 ஒன்று. கோளாறு அதற்கு முந்தைய தாளில் இருக்கிறது. என்ன வேண்டும் என்று எழுதும் விவரக்குறிப்பில் ‘அதிகபட்சம் 35 வாட், 5 நட்சத்திரம், இவ்வளவு காற்று வீச வேண்டும்’ என்று சேர்த்துவிட்டால், அதே எல்-1 முறை நல்ல ஃபேனையே குறைந்த விலைக்குக் கொண்டுவந்து தரும்.

நடந்த உதாரணம் எல்.இ.டி. பல்பு. மத்திய மின்துறையின் பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் இ.இ.எஸ்.எல்., வீடுகளுக்குக் கொடுப்பதற்காக மொத்தக் கொள்முதலில் இறங்கியது. 2014-ல் ஒரு பல்பு 310 ரூபாய்க்குக் கிடைத்தது. லட்சங்களில் இருந்த ஆர்டர் கோடிகளுக்குப் போகப் போக, டெண்டர் விலை வேகமாக இறங்கியது. 2016-ல் 38 ரூபாய்க்கு வந்து நின்றது. உலகெங்கும் எல்.இ.டி. சில்லு விலை குறைந்துகொண்டிருந்த காலம் அது என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் இவ்வளவு வேகமாக இறங்கியதற்கு, பெரிய அளவில் வாங்கும் ஒருவர் தரத்தை முன்கூட்டியே எழுதிவைத்துப் போட்டியைத் திறந்துவிட்டதுதான் முக்கியக் காரணம். அடுத்து, தெருமுனைக் கடையிலும் எல்.இ.டி. மலிந்தது.

இதற்கு நேரெதிரான கதையும் நம்மிடம் உண்டு. 1991-ல் இந்திய அரசு ‘ஈகோமார்க்’ முத்திரையைக் கொண்டுவந்தது. மண்பானைதான் அதன் சின்னம். சோப்பு, காகிதம், பெயின்ட் என்று பல பொருள்களுக்கு வரையறையும் எழுதினார்கள். பார்த்தவர்கள் எத்தனை பேர்? முத்திரை வாங்க வந்த நிறுவனங்கள் சொற்பம். அதற்கு அடுத்த ஆண்டு, 1992-ல், அமெரிக்காவில் கணினிகளுக்கு ‘எனர்ஜி ஸ்டார்’ முத்திரை வந்தது. 1993 ஏப்ரலில் அதிபர் கிளின்டன், அரசுத் துறைகள் வாங்கும் கணினிகள் அந்தத் தகுதியோடு இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அவ்வளவு பெரிய வாடிக்கையாளரை இழக்க எந்த நிறுவனத்துக்கு மனம் வரும்? அரசுக்கு ஒன்று, பொதுமக்களுக்கு ஒன்று என்று தனித்தனியாகத் தயாரிப்பதும் கட்டுப்படியாகாது. ஆகவே எல்லோருக்கும் அதே கணினிதான் வந்தது. மண்பானைக்குப் பின்னால் அப்படி ஒரு கொள்முதல் உத்தரவு இல்லை. ஈகோமார்க்குக்கு 2024-ல் புது விதிகள் வந்திருக்கின்றன. டெண்டர் தாளில் அது இடம்பிடிக்காவிட்டால் இந்த முறையும் பானை பரணில்தான் கிடக்கும்.

மின்சாரம் தாண்டியும் இதே வழிதான். அனல் மின்நிலையச் சாம்பலில் செய்த கல்லைச் சுற்றுவட்டாரக் கட்டுமானங்களில் பயன்படுத்த வேண்டும் என்று 1999-ல் அறிவிக்கை வந்தது. சாம்பல் கல் தயாரிப்புக் கூடங்கள் பெருகியதற்கு அந்த ஒரு தாளுக்கும் பங்கு உண்டு.

ஓர் எச்சரிக்கை. பசுமை என்ற பெயரில் ஒரே ஒரு கம்பெனிக்குப் பொருந்துகிற மாதிரி விவரக்குறிப்பு எழுதும் வித்தையும் நம் ஊரில் சாத்தியம்தான். அதனால் பிராண்டு பெயர் வரக் கூடாது. வாட், காற்றின் அளவு, நட்சத்திரம் என்று அளந்து சரிபார்க்கக்கூடியவை மட்டுமே வர வேண்டும். குறைந்தது மூன்று நான்கு நிறுவனங்களாவது தரக்கூடிய பொருளா என்று முன்பே விசாரித்துக்கொள்வதும் நல்லது.

இதெல்லாம் கோட்டையில் இருப்பவர்களின் வேலை என்று விட்டுவிட வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவிலோ, அரசு மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கத்திலோ, ஊராட்சியிலோ இருக்கிறீர்களா? அடுத்த முறை ஃபேனுக்கோ மோட்டாருக்கோ விலைப்புள்ளி கேட்கும்போது, எத்தனை வாட், எத்தனை நட்சத்திரம், நாளுக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்ற மூன்றையும் முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள்.