டோப்பா பறந்தும் திரும்பிப் பார்க்காத தளபதி!

தெரியுமா? 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு கோடீஸ்வர வீட்டுப் பிள்ளை, சாதாரணச் சிப்பாய்களின் செல்லப்பிள்ளை ஆனார்! அவர் பெயர் ஜான் மேனர்ஸ். 'கிரான்பி மார்க்விஸ்' என்றால் நாடே அறியும். வாழ்ந்தது 49 வயதுவரைதான் (1721-1770). அதற்குள் எத்தனை ஆச்சரியங்கள்!

● அப்பா ரட்லண்ட் டியூக். அவருக்குப்பின் பட்டம் மூத்த மகன் கிரான்பிக்குத்தான். ஆனால், அப்பா 1779 வரை வாழ்ந்தார்; மகனோ ஒன்பது ஆண்டு முன்பே போய்விட்டார். கடைசிவரை அவர் டியூக் ஆகவே இல்லை! அதனாலேயே பிரபுக்கள் சபைக்குப் போகாமல், 1741 முதல் இறக்கும்வரை மக்கள் சபையின் உறுப்பினராக இருந்தார்.

● 1759, ஜெர்மனியின் மிண்டன் போர்க்களம். பிரெஞ்சுப் படை சிதறிக்கொண்டிருக்கிறது. 'குதிரைப்படையே, முன்னேறு' என்று கட்டளைமேல் கட்டளை வருகிறது. தலைவர் சாக்வில் பிரபு அசையவில்லை! கிரான்பி அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தவர். சாக்வில் ராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். கிரான்பிக்குப் பதவி வந்தது. அதே சாக்வில்தான், பின்னாளில் ஜெர்மைன் என்ற பெயரில், அமெரிக்கச் சுதந்திரப் போரை லண்டனிலிருந்து நடத்திய அமைச்சர். நம்ப முடிகிறதா?

● அடுத்த ஆண்டே வார்பர்க் போர். இம்முறை குதிரைப்படை கிரான்பியின் கையில். முன்வரிசையில் பாய்ந்தார். காற்றில் தொப்பி போயிற்று, டோப்பாவும் போயிற்று! வழுக்கைத் தலை வெயிலில் பளபளக்க, எதிரிப் படைக்குள் புகுந்து வெற்றியோடு வந்தார்.

● வெறுந்தலையோடே கூட்டுப் படையின் தலைமைத் தளபதி பெர்டினாண்டுக்கு சல்யூட் அடித்தார் என்பது அவருடைய படைப்பிரிவின் பெருமை. தொப்பி இல்லாமல் சல்யூட் அடிக்கக் கூடாது என்பது பிரிட்டன் ராணுவ வழக்கம். ஆனால் அந்தப் படைப்பிரிவின் வழிவந்த 'ப்ளூஸ் அண்ட் ராயல்ஸ்' வீரர்கள் இன்றும் வெறுந்தலையோடு சல்யூட் அடிக்கிறார்கள்!

● இங்கிலாந்தில் 'மார்க்விஸ் ஆஃப் கிரான்பி' என்ற பெயரில் எத்தனையோ மதுவிடுதிகள். போரில் ஊனமுற்ற தன் வீரர்கள் பிழைக்க வழி வேண்டுமே என்று, மதுவிடுதி தொடங்க அவரே பணம் கொடுத்தாராம். நன்றி மறவாத வீரர்கள் அவர் பெயரையே பலகையில் எழுதினார்கள். சார்லஸ் டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலிலும் இந்தப் பெயரில் ஒரு விடுதி உண்டு!

● கனடாவின் கியூபெக்கிலும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலும் 'கிரான்பி' என்று ஊர்கள் இருக்கின்றன. இரண்டும் இவர் நினைவாகத்தான்!

● 1766-இல் ராணுவத்தின் தலைமைத் தளபதி. ஆனால் பதவியைக் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த ஜான் வில்க்ஸை சபைக்குள் விடாமல் தடுக்க அவரும் வாக்களித்திருந்தார். 1770 ஜனவரியில் அதே சபையில் எழுந்து, 'அது தவறு, வருந்துகிறேன்' என்ற பொருளில் பேசினார். சில நாளில் தலைமைத் தளபதி பதவியைத் துறந்தார்!

● அதே ஆண்டு அக்டோபரில் ஸ்கார்பரோவில் உயிர் பிரிந்தது. வாரி வாரிக் கொடுத்தவர் விட்டுச்சென்றது பல்லாயிரம் பவுண்டு கடன்! போரில் பொருள் சேர்த்த தளபதிகள் அந்தக் காலத்தில் ஏராளம். வீரனுக்குக் கொடுத்தே கடனாளியான கிரான்பியைத்தான் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகப் பெயர் சொல்லிக் கொண்டாடுகிறார்கள்!