ஸ்பெஷல் தவில்: நீடாமங்கலத்திலிருந்து அளவெட்டி வரை

மேற்கத்திய பாப் இசைக்குழுக்களில் ட்ரம்ஸ் வாசிப்பவர் பெரும்பாலும் பாடகருக்குப் பின்னால், மேடையின் கடைசி வரிசையில் அமர்பவர். காவிரிப் படுகையிலோ, தாளக் கருவி வாசிப்பவரின் பெயரைத் திருவிழா நோட்டீசில் கண்டு, அவருக்காகவே பல ஊர்களிலிருந்து கூட்டம் திரண்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் கருவி தவில். அதற்கு அத்தகைய மதிப்பைத் தேடித் தந்தவர்களுள் முதன்மையானவர் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949).

நாகசுரம், தவில், ஒத்து, தாளம் ஆகியவை சேர்ந்த குழுவைப் பெரிய மேளம் என்பர். இதில் இராகத்துக்கு உரியவர் நாகசுரக்காரர் என்பதால், அவரைத் தொடர்ந்து செல்வதே தவில்காரரின் கடமை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் தவிலின் அமைப்பையும் அதைக் கற்கப் படும் பாட்டையும் அறிந்தவர்கள் அதை வெறும் பக்கவாத்தியம் என்று ஒதுக்கிவிட மாட்டார்கள். பலா மரத்தைக் குடைந்து செய்யப்படும் பீப்பாய் வடிவ உடலின் இரு புறமும் தோல் போர்த்தப்படுகிறது. அகன்ற பக்கமான வலந்தலையைக் கை விரல்களாலும், தொப்பி எனப்படும் மறு பக்கத்தைப் பூவரச மரக் கழியாலும் வாசிக்கின்றனர். வெறும் விரலால் அந்த விறைப்பான தோலில் திருவீதியெங்கும் கேட்கும் நாதத்தை எழுப்ப முடியாது. ஆகவே துணிக் கீற்றுகளைப் பசையில் தோய்த்து விரல் அளவுக்குச் சுற்றிக் காயவைத்து, கல்போல் இறுகிய கூடுகளாக்கி, வாசிக்கும் முன் ஒவ்வொரு விரலிலும் மாட்டிக்கொள்கின்றனர். தோலை இழுத்துக் கட்டத் தோல் வார்களையே முன்பு பயன்படுத்தினர். இப்போது பெரும்பாலான தவில்களில் இரும்பு வளையமும் நட்டு போல்ட்டும் அந்த வேலையைச் செய்கின்றன. இரவுப் பனியில் தோல் தொய்ந்துபோகும் தொல்லை இதனால் பெரிதும் குறைந்தது.

குருவின் வீட்டிலேயே தங்கிப் பயின்ற காலத்தில், மாணவரின் கைக்குத் தவில் உடனே வந்துவிடாது. சொற்கட்டுகளை, அதாவது தாள எழுத்துகளின் கோவைகளை, முதலில் வாயால் சொல்லிப் பழகி, பிறகு மரக்கட்டை ஒன்றில் தட்டித் தட்டிக் கையை உரமேற்றிய பின்னரே தோலைத் தொட இடம் கிடைத்தது. சுவாமி புறப்பாட்டின்போது தவிலில் அலாரிப்பு வாசித்த பின்பே நாகசுரத்தில் மல்லாரி தொடங்கும். சாகித்தியம் இல்லாமல் தாளக் கணக்கையே உயிராகக் கொண்ட மல்லாரியும் ரக்தியும் தஞ்சை மண்ணில் தழைத்ததற்கு, தோளில் வார் மாட்டி நின்றபடியே இரவு முழுவதும் நான்கு வீதிகளிலும் வாசிக்கத் தெரிந்த தவில்காரர்கள் ஒரு முக்கியக் காரணம். தவிலின் கணக்கு கோயிலுக்கு வெளியேயும் சென்றது. கஞ்சிராவுக்குக் கச்சேரி மேடையில் இடம் தேடித் தந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளைக்கு லயம் கற்பித்தவர் மாரியப்பத் தவில்காரர் என்பதை இசை வரலாறு நன்றாக நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வாசிப்புக்குத் தனிக் கவனம் கிடைத்தபோது உருவானதே 'ஸ்பெஷல் தவில்' என்ற வழக்கம். ஒரு நாகசுரக் குழுவுக்கு உரிய தவில்காரர்கள் இருக்கும்போதே, பெயர்பெற்ற வித்துவான் ஒருவரைத் தனியாகச் சன்மானம் பேசி அழைத்து அவர்களோடு வாசிக்கச் செய்வது இது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) நாகசுரத்தோடு நீடாமங்கலத்தாரின் தவில் சேர்ந்த கச்சேரிகளை அக்கால ரசிகர்கள் பெரும் பேறாகக் கருதினர். நாகசுரம் ஓய்ந்து தவில் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம், கேட்பவர்கள் எழுந்து போகாமல் காத்திருக்கும் பகுதியாயிற்று.

மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று அவருக்கே மருமகனான நாச்சியார்கோயில் ராகவப் பிள்ளை (1910–1964), கும்பகோணத்தை அடுத்த அச்சிறிய ஊருக்குக் குத்துவிளக்கால் வந்த பெயரோடு தவிலின் பெயரையும் சேர்த்தார். அவரிடம் பயில இலங்கையிலிருந்து வந்தவர் யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தி (1933–1975). இணுவிலைச் சேர்ந்த தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மகனாகிய அவர், அளவெட்டியில் வாழ்ந்து, பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் முன்னணி நாகசுர வித்துவான்களுக்கு வாசித்தார். நாற்பத்திரண்டு வயதுகூட நிறைவுறாமல் அவர் மறைந்தது தமிழிசைக்கு ஈடுசெய்ய இயலாத இழப்பு. அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் தேசிய விருது பெற்றது.

தஞ்சைப் படுகையில் தவில்காரரின் வருமானம் இன்றும் முகூர்த்த நாள்களையும் கோயில் விழாக்களையுமே நம்பியுள்ளது. ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் இல்லை. ஒருபுறம் திருவையாறு அரசு இசைக் கல்லூரியும் மாவட்ட இசைப் பள்ளிகளும் தவிலைக் கற்பிக்க, வளையப்பட்டி சுப்பிரமணியம், அரித்துவாரமங்கலம் பழனிவேல் போன்றோர் அதைச் சபா மேடைகளில் நிலைநிறுத்தியிருக்க, மறுபுறம் மணமகன் ஊர்வலத்துக்குச் செண்டை மேளத்தை அழைக்கும் பழக்கம் ஊருக்கு ஊர் பரவிவருகிறது. முன்னோரின் வாசிப்பு இன்றைய மாணவர்களை எட்டுவதும் எளிதாக இல்லை. பழைய இசைத்தட்டு ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடியதால், நாகசுரப் பதிவுகளில் விரிவான தனி ஆவர்த்தனத்துக்கு இடமே இருக்கவில்லை. தெட்சிணாமூர்த்தியின் வாசிப்பை ஒலிநாடாக்கள் காப்பாற்றிக் கொடுத்திருக்கின்றன. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் கைவழியோ பெரும்பாலும் அவர் சீடர்களின் வழியாகவே இன்றைய மாணவர்களை எட்டியிருக்கிறது.