காரீயத்துக்குப் பகை, இரும்புக்குக் காவல்

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறோம். உள்ளே இருந்த தண்ணீர் எங்கே போனது? பெரும்பகுதி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து, மூடியின் துளை வழியே வெளியேறிவிட்டது. அந்த இழப்பைக் கூட்டுவது ஆன்டிமனி என்ற தனிமம்.

தூய காரீயம் நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு மென்மையானது. அதனால் பேட்டரித் தட்டின் சட்டத்துக்கு உறுதி தர ஆன்டிமனியைக் கலக்கிறார்கள். 1881இல் ஜான் செலன் காட்டிய வழி இது. ஆனால் நேர்மின் தட்டு மெல்ல அரிக்கப்படும்போது ஆன்டிமனி அயனிகள் கந்தக அமிலத்தில் இறங்குகின்றன. அவற்றில் ஒரு பகுதி எதிர்மின் தட்டை அடைந்து, எலக்ட்ரான்களைப் பெற்று, காரீயத்தின் மேல் உலோக அணுக்களாக ஒட்டிக்கொள்கிறது.

சின்னஞ்சிறு அளவுதான். விளைவோ பெரிது. அமிலத்திலுள்ள ஹைட்ரஜன் அயனி வாயுவாக மாற, முதலில் உலோகப் பரப்பைப் பற்றிக்கொள்ள வேண்டும். காரீயம் அதைப் பற்றவிடுவதே இல்லை எனலாம். காரீய-அமில பேட்டரி இயங்குவதே இந்தக் குணத்தால்தான். இல்லாவிட்டால் சார்ஜ் செய்யும் மின்சாரம் முழுதும் தண்ணீரைப் பிரிப்பதிலேயே வீணாகிவிடும். ஆன்டிமனி படிந்த இடங்களில் மட்டும் இந்தத் தடை தளர்கிறது. அங்கிருந்து குமிழிகள் கிளம்புகின்றன.

இதே ஆன்டிமனி இரும்பின் மேல் நேர்மாறாக நடந்துகொள்கிறது. துருவேறிய இரும்பிலிருந்து துருவை மட்டும் நீக்க, அரிமான ஆய்வுக்கூடங்களில் கிளார்க் கரைசல் பயன்படுகிறது. ஒரு லிட்டர் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 20 கிராம் ஆன்டிமனி ஆக்சைடும் 50 கிராம் வெள்ளீயக் குளோரைடும் கலந்தது அது. வெறும் அமிலமாக இருந்தால் துருவோடு இரும்பையும் தின்றுவிடும். இரும்பு கரைய வேண்டுமானால், அது விடும் எலக்ட்ரான்களை ஏற்று ஹைட்ரஜன் வெளியேற வேண்டும். இரும்பின் பரப்பில் அது எளிது. கரைசலிலிருந்து ஆன்டிமனி படிந்த பரப்பில் கடினம். ஆகவே இரும்பு தப்பிக்கிறது. துரு கரைவதற்கு ஹைட்ரஜன் வெளியேறத் தேவையில்லை. அது தன் போக்கில் கரைந்துபோகிறது.

முரண் ஏதுமில்லை. ஹைட்ரஜனை விடுவிப்பதில் இரும்பு தாராளம், காரீயம் கருமி, ஆன்டிமனி இடைநிலை. எந்த உலோகத்தின் மேல் அமர்கிறது என்பதே அது நண்பனா பகையா என்பதைத் தீர்மானிக்கிறது. ஓர் உலோகம் அமிலத்தில் எப்படி நடக்கும் என்பதை அதன் எடையோ பருமனோ சொல்வதில்லை. மேலே இருக்கும் ஓரடுக்கு அணுக்கள் சொல்கின்றன.

கார் பேட்டரிகள் பலவற்றில் ஆன்டிமனியின் இடத்தைக் கால்சியம் பிடித்துவிட்டது. அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. அடிக்கடி ஆழமாக வடிந்து நிரம்பும் பேட்டரிகளில் மட்டும் ஆன்டிமனி இன்னும் தேவைப்படுகிறது. உங்கள் வீட்டில் தண்ணீர் ஊற்றும் பேட்டரி இருந்தால், காற்றோட்டமான இடத்திலேயே வையுங்கள். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். குழாய்த் தண்ணீரை ஊற்றவே வேண்டாம். அதிலுள்ள உலோக அயனிகளும் தட்டுகளைத் தேடித்தான் போகும்.