மூப்பர் என்னும் மாண்பு



'மூப்பர்' என்னும் சொல் எமது திருச்சபை வரலாற்றில் ஆழ வேரூன்றிய சொல். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்து, குருக்களை வெளியேற்றினர். 1687இல் புனித யோசப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் இங்கு வந்தபோது, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் குருக்களின்றி வாழ்ந்த மக்களையே கண்டார். ஒவ்வோர் ஊரிலும் தாம் நிலையாகத் தங்க இயலாது என உணர்ந்த அவர், மூப்பர்களையும் அண்ணாவிமாரையும் ஏற்படுத்தி, செபத்தையும் மறைக்கல்வியையும் அவர்களிடம் ஒப்படைத்தார். எமது விசுவாசம் பொதுநிலையினரின் தோள்களில் தாங்கப்பட்டு எம்மிடம் வந்துள்ளது.

இன்றும் அத்தோள்கள் ஓய்ந்துவிடவில்லை. விடியுமுன் ஆலயக் கதவைத் திறந்து மணியடிப்பவர், தவக்காலத்தில் பசாம் படிப்பவர், ஒக்டோபரில் வீடு வீடாகச் செபமாலையை முன்னின்று சொல்பவர், மரியாயின் சேனையினராக நோயாளரைச் சந்திப்பவர் எனப் பலர் அறுபதைக் கடந்தவர்களே. மரியாயின் சேனையை 1921இல் டப்ளினில் தொடங்கிய பிராங்க் டஃப், 1980இல் தமது 91ஆவது வயதில் இறக்கும்வரை அப்பணியில் நிலைத்திருந்தார். லூக்கா நற்செய்தி காட்டும் அன்னாவோ 84 வயதுக் கைம்பெண். ஆலயத்தை விட்டு நீங்காது இறைவனுக்குப் பணிபுரிந்த அவரே, மீட்புக்காகக் காத்திருந்தோருக்குக் குழந்தை இயேசுவைப் பற்றி எடுத்துரைத்தார். முதுமை அவரது வாயை அடைக்கவில்லை.

2021இல் திருத்தந்தை பிரான்சிஸ், தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான உலக நாளை ஏற்படுத்தி, ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறை அதற்கென ஒதுக்கினார். அந்நாளில் பொன்னாடை போர்த்துகின்றோம், மாலை அணிவிக்கின்றோம். அது நன்றே. ஆயினும் மறுநாள் திங்கட்கிழமை எவ்வாறு விடிகின்றது? பங்குக் கூட்டத்தில் அவர்களுக்கு முன்வரிசை ஆசனம் கிடைக்கின்றது; அவர்களது சொல்லுக்குச் செவி கிடைக்கின்றதா? பல்லாண்டுகள் நோயாளரைத் தேடிச் சென்ற தாய் தாமே படுக்கையில் விழும்போது, பிள்ளைகள் கடல் கடந்து வாழ, அவரது படலையைத் திறந்து உள்ளே செல்பவர் யார்?

மதிப்பளித்தல் என்பது புகழ்வது மட்டுமன்று, சுமையைப் பகிர்ந்துகொள்வதுமாகும். முழங்கால் நோவுடன் நடந்து வரும் ஒருவரை வாகனத்தில் ஏற்றிவருவதும் மரியாதையே. பசாம் படிக்கும் பெரியவரின் அருகே அமர்ந்து, அவரது இராகத்தைக் கற்றுக்கொள்ளும் இளைஞனே அவருக்குச் சிறந்த பொன்னாடை. தமக்குப்பின் இப்பணி நின்றுவிடுமோ என்பதே அவருடைய உள்ளத்துக் கவலை. அதைத் தீர்க்கும் கைகள் எமது இல்லங்களில் உள்ளன.

எனவே, இவ்வாரம் உங்கள் பங்கில் அமைதியாகத் தொண்டாற்றும் முதியவர் ஒருவரைப் பிள்ளைகளுடன் சென்று சந்தியுங்கள். "உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" என்று கேளுங்கள். "எங்களுக்கும் கற்றுத்தாருங்கள்" என்றும் கேளுங்கள். முன்னோர் ஏற்றிவைத்த விளக்கு அணையாதிருக்க, எண்ணெய் வார்ப்பது எமது கடமையாகும்.